இருபத்தைந்தாவது சுருட்டு

சவுத் பரேடில் காபித் தோட்டங்களுக்கு இயந்திரங்கள் விற்கும் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. குடகிலிருந்தோ சிக்கமகளூரிலிருந்தோ தோட்ட முதலாளி யாராவது வந்தால், மானேஜர் முதலில் மழையைப் பற்றி விசாரிப்பார். பிறகு மேஜைமேல் இருக்கும் ஈட்டிமரப் பெட்டியைத் திறந்து ஒரு சுருட்டு நீட்டுவார். சுருட்டு பாதி எரிந்த பிறகுதான் இயந்திரத்தின் விலையைச் சொல்வார். அது முழுதும் எரிந்து முடிவதற்குள் ஆர்டர் கையெழுத்தாகிவிடும் என்பது அங்கே இருந்த நம்பிக்கை. கடைசி வெள்ளைக்கார மானேஜர் 1956இல் கப்பலேறியபோது பெட்டியை விட்டுவிட்டுப் போனார். அலமாரியில் இரண்டு வருஷத்துக்கான ஹவானாச் சுருட்டுகளும் இருந்தன.

அவருக்குப் பின் வந்த ஸ்ரீகண்டன் மல்லேஸ்வரத்துக்காரர். வெற்றிலை போடுவார்; புகை பட்டால் இருமுவார். ஆனாலும் வழக்கத்தை அவர் விடவில்லை. ஒரே ஒரு மாற்றம் செய்தார். தினமும் மாலையில் பெட்டியைப் பூட்டுவதற்கு முன்பு உள்ளே இருப்பவற்றை எண்ணினார். வெள்ளைக்காரர் எண்ணியதில்லை. அவர் காலத்தில் ஒன்றிரண்டு குறைந்திருக்கலாம்; குறைந்தது யாருக்கும் தெரியாது.

1958 ஜூலையில் கையிருப்பு தீர்ந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு என்று சொல்லி வெளிநாட்டுச் சாமான்களை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதே தெருவில் இருந்த பெரிய புகையிலைக் கடையில் கேட்டபோது, கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேஜைக்கு அடியில் ஒரே ஒரு பெட்டி இருப்பதாகவும், விலை நூற்று நாற்பது ரூபாய் என்றும், பில் கிடையாது என்றும் சொன்னார். ஸ்ரீகண்டன் தலைமை குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

தலைமை குமாஸ்தா ஆம்ப்ரோஸ், ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருப்பவர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ஒன்பது மணிக்கு அவர் தன் நாற்காலியில் உட்காருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்று ஆபீசில் சொல்வார்கள். மகள் நோராவுக்குப் பரீட்சைக்கு ஒரு பென்சில் வேண்டுமென்றாலும் ஸ்டோர் ரூமைத் தாண்டி வெளியே போய்க் கடையில் வாங்கியவர்.

"நல்லதா இருக்கணும், மிஸ்டர் ஆம்ப்ரோஸ். சீப்பாவும் இருக்கணும்" என்றார் ஸ்ரீகண்டன்.

"ரெண்டும் சேந்து கெடைக்கிறது கஷ்டம் சார்."

"கஷ்டம்னு எனக்கும் தெரியும். அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன். உங்க எக்ஸ்டென்ஷன் பேப்பர்கூட என் டேபிள்லதான் இருக்கு. மறந்துடலை."

இரண்டு விஷயத்துக்கும் சம்பந்தமில்லை என்பது போலத்தான் அவர் சொன்னார். ஆம்ப்ரோஸுக்கு நவம்பரில் ஐம்பத்தைந்து முடிகிறது. நோரா வேலூரில் டாக்டருக்குப் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இரண்டு வருஷம் வேலை நீட்டிப்புக் கேட்டு அவர் எழுதிக் கொடுத்த காகிதம் மே மாதத்திலிருந்து மானேஜரின் மேஜையில், கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடந்தது. வீட்டில் மனைவி பிரிஜெட் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "பேப்பர் நகந்துதா?"

ஆம்ப்ரோஸ் மூன்று நாள் சிவாஜிநகரிலும் கமர்ஷியல் தெருவிலும் அலைந்தார். நாலாம் நாள் பியூன் அப்பாதுரை அவர் மேஜைப் பக்கம் வந்து தண்ணீர் தம்ளரை வைத்தான். போகவில்லை.

"சார், பெரிய பட்டை போட்ட சுருட்டுதானே தேடறீங்க? தங்கக் கலர் காகிதம் சுத்தினது?"

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்க ஏரியாவுல இருக்குது சார். ஆஸ்டின் டவுன்ல. முனீஸ்வரன்கிட்ட."

"என்ன கடை வச்சிருக்கான்?"

அப்பாதுரை பல்லைக் காட்டாமல் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "கடை இல்ல சார். கோயில்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கூட்டிப் போனான். மைதானத்து மதிலை ஒட்டி ஒரு வேப்பமரம். மரத்தடியில் ஆளுயரத்துக்கு முனீஸ்வரன். முறுக்கு மீசை, உருட்டு விழி. வாயில் ஒரு ஓட்டை. அது சுருட்டு செருகுவதற்காகவே விடப்பட்டது. பக்கத்தில் இரண்டு மண்குதிரைகள். பூசாரி கோவிந்தப்பா மற்ற நாளில் மில்லில் தறி வேலை பார்ப்பவர். ஆம்ப்ரோஸ் கோயிலின் கல்வரிசைக்கு வெளியே, செருப்புக் காலோடு நின்றார்.

"உள்ள வாங்க சார்."

"இங்கேயே நிக்கறேன்பா. நாங்க கிறிஸ்டியன்ஸ்."

"அதனால என்ன? சாமி கடிக்காது சார்." கோவிந்தப்பா சிலையின் பின்னாலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்து திறந்தார்.

ஆம்ப்ரோஸ் முப்பது வருஷமாக அந்தப் பெட்டிகளைப் பார்த்து வருபவர். மூடியின் உள்பக்கப் படம், பட்டை, வாசனை, எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் வந்ததைவிட இது ஒரு படி மேல்.

"இது எப்பிடி உங்ககிட்ட?"

"மாசம் மொதல் வெள்ளிக்கெழம ஒரு தொரை வந்து படைக்கிறாரு. குதிரைக்காரரு. நான் அதுல ஒண்ணைப் பத்தவச்சு சாமி வாயில வைப்பேன். மிச்சம் மூணு நாள் காலடியில இருக்கும். அப்புறம் சனத்துக்குக் குடுப்பேன். ஆனா யாருக்கும் இது புடிக்கல சார். வைக்கோல் மாதிரி இருக்குதாம். காரமே இல்லையாம். உறையூர் சுருட்டு இருந்தா குடுங்கறாங்க. போன மாசத்துப் பெட்டி அப்படியே கெடக்குது பாருங்க."

"என்ன வெலை?"

"வெலை எல்லாம் நக்கோ சார். சாமி சுருட்டுக்கு யாராச்சும் வெலை வைப்பாங்களா?" கோவிந்தப்பா கொஞ்சம் யோசித்தார். "வெளக்கு எண்ணெய்க்குப் பதினஞ்சு ரூபா தட்டுல போடுங்க."

ஆம்ப்ரோஸ் கல்வரிசைக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டித் தட்டில் பதினைந்து ரூபாய் போட்டார். மறுநாள் காலை பெட்டியை மானேஜர் மேஜைமேல் வைத்தார். விலையைக் கேட்டதும் ஸ்ரீகண்டன் எழுந்து நின்றுவிட்டார்.

"பதினஞ்சா? எங்கே பிடிச்சேள்?"

"தெரிஞ்ச எடம் சார்."

"பேஷ். பேஷ்." அவர் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார். ஒருமுறை எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினார். "பெட்டிமேல இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கே?"

ஆம்ப்ரோஸ் இதை எதிர்பார்க்கவில்லை. "மாதிரி பாக்க ஒண்ணை எடுத்திருப்பாங்க சார்" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் ஆபீசில் அவர் சொன்ன முதல் பொய் அது. பொய் என்று சொல்லவும் முடியாது, ஒருவர் எடுத்திருந்தார்.

செப்டம்பர் முதல் வெள்ளியன்று ஆம்ப்ரோஸ் நேராகவே போனார். மரத்தடியில் ஒரு பழைய மோரிஸ் கார் நின்றது. சிலைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் திரும்பினார். டெஸ்மண்ட். பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்; ஆம்ப்ரோஸ் போகும் மாதா கோயிலில் மூன்றாவது வரிசை, இடதுபக்கம் உட்காருபவர்.

"ஆம்ப்ரோஸ், மேன், நீ என்னைப் பாக்கலை" என்றார் டெஸ்மண்ட்.

"நானும் இங்க வரல, டெஸ்மண்ட்."

"தட்ஸ் ரைட்."

"காலையில மொதல் வெள்ளிப் பூசையில உன்னைப் பாத்தேனே!"

"பாத்திருப்பே. காலையில அங்க, சாயங்காலம் இங்க. ஆண்டவரைப் போய்க் குதிரைக் காலுக்காக டிஸ்டர்ப் பண்ணலாமா மேன்? அவருக்கு எவ்ளோ வேலை! இவரு குதிரைக்காரரு. பாத்தியா, ரெண்டு நிக்குது." டெஸ்மண்ட் குரலைத் தாழ்த்தினார். "குதிரை ஓனர் ஒரு ஜமீன்தார். மாசா மாசம் ஒரு பெட்டி அனுப்பறான். எனக்கு நெஞ்சு சரியில்ல, டாக்டர் நிறுத்துன்னுட்டான். சரி, பெட்டி முழுசும் உனக்கு, குதிரைங்க கால் ஒடையாமப் பாத்துக்கன்னு இவருகிட்டச் சொல்லிட்டேன். மூணு வருஷமா ஒரு கால் ஒடையல, மேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் பிரிஜெட் அவர் கோட்டை முகர்ந்தாள். "எந்தப் பெரிய மனுஷன் வீட்டுக்குப் போனீங்க?"

"பெரிய மனுஷன்தான்" என்றார் ஆம்ப்ரோஸ்.

இரண்டாவது பெட்டியிலும் இருபத்து நாலுதான் இருந்தது. எண்ணி முடித்த ஸ்ரீகண்டன் ஆம்ப்ரோஸின் கோட்டுப் பையைப் பார்த்தார். அன்று முதல் ஈட்டிமரப் பெட்டியின் சாவி அவர் பூணூலுக்கு மாறியது. இரண்டு நாள் கழித்து அப்பாதுரை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"சார், ஐயரு என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாரு. ஆம்ப்ரோஸ் சுருட்டுக் குடிப்பாரான்னு."

"நீ என்ன சொன்னே?"

"நான் பாத்ததில்லன்னேன். அது தப்பாப் போச்சு சார். அப்போ யாரும் பாக்காத எடத்துல குடிக்கிறாரான்றாரு."

ஒரு பெட்டிக்கு நூற்று இருபத்தைந்து ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர், ஆறு ரூபாய்கூடப் பெறாத ஒரு சுருட்டுக்காகச் சந்தேகத்துக்கு ஆளானார். புகையிலைக் கடையில் உதிரியாக ஒன்று வாங்கிப் போட்டு நிரப்பலாம் என்று போய்க் கேட்டார். கடைக்காரர் பெட்டியாகத்தான் கொடுப்பேன் என்றார். அக்டோபர் முதல் வெள்ளியன்று ஆம்ப்ரோஸ் உறையூர் சுருட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்டின் டவுனுக்குப் போனார்.

"கோவிந்தப்பா, இந்தா, ஒரு கட்டு முழுசா இருக்கு. சாமிக்கு இதைப் பத்தவை. பெட்டியை மூடினபடி எனக்குக் குடுத்துடு."

கோவிந்தப்பா கட்டை வாங்கி முகர்ந்தார். நல்ல சரக்கு என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் திருப்பிக் கொடுத்தார்.

"ஆகாது சார். சாமி தொடாத பெட்டிய நான் எடுத்துக் குடுத்தா அது யாவாரம். அவரு ஒண்ணு குடிச்சப்புறம் மிச்சத்தை எடுத்தாத்தான் பிரசாதம்."

"அவருக்கு வித்தியாசம் தெரியவா போவுது?"

"உங்க ஆபீசரு எண்ணிப் பாக்கறாரா இல்லையா? எங்க ஆபீசரும் பாக்கறாரு."

மூன்றாவது பெட்டி போன மறுவாரம் மானேஜர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் இரண்டு பொருள்கள் இருந்தன: ஈட்டிமரப் பெட்டி, கண்ணாடிக் குண்டுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்த காகிதம். கதவைச் சாத்தச் சொன்னார் ஸ்ரீகண்டன்.

"மூணு பெட்டி, மிஸ்டர் ஆம்ப்ரோஸ். மூணுலயும் இருபத்து நாலு. சுருட்டுப் பண்றவனுக்கு எண்ணத் தெரியாதுன்னு சொல்லப் போறேளா?"

ஆம்ப்ரோஸ் காகிதத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்லலாம். சாராயமும் கோழி ரத்தமும் படைக்கிற இடத்தில், ஒரு சிலையின் காலடியில் மூன்று நாள் இருந்த சுருட்டைத்தான் இந்த அறையில் தோட்ட முதலாளிகளுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் அப்பாதுரைக்கு வேலை போகும். சுருட்டு நிற்கும். டெஸ்மண்டின் பெயர் வெளியே வரும். விஷயம் மாதா கோயில் பங்குச் சாமியார் காதுக்கும் போகும். இவ்வளவும் நடந்த பிறகும் ஸ்ரீகண்டன் அதை நம்புவார் என்று சொல்ல முடியாது. மூன்று சுருட்டைக் கல் குடித்தது என்று சொல்கிற குமாஸ்தாவுக்கு யாரும் இரண்டு வருஷம் நீட்டிப்புக் கொடுப்பதில்லை. நம்பக்கூடியதாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தான் எடுத்தேன் சார்."

"மூணுமா?"

"மூணும்."

ஸ்ரீகண்டன் நாற்காலியில் சாய்ந்தார். தோள்கள் குலுங்கின. கோபம் என்று ஆம்ப்ரோஸ் நினைத்தார். அது சிரிப்பு. அந்த அறையில் அவர் சிரித்து ஆம்ப்ரோஸ் பார்த்ததில்லை.

"அப்பாடா" என்றார் ஸ்ரீகண்டன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் இந்த நாற்காலிக்கு வந்து ரெண்டு வருஷம் ஆறது. நீங்க உள்ளே வந்தாலே எனக்கு ஹெட்மாஸ்டர் வந்தா மாதிரி இருக்கும். ஒம்பதுன்னா ஒம்பது. ஒரு லீவு கிடையாது, ஒரு தப்பு கிடையாது. நான் பத்து நிமிஷம் லேட்டா வந்தா நீங்க தலை நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டேள். பாக்காததே பாக்கறா மாதிரி இருக்கும். இப்படி ஒரு மனுஷரை இன்னும் ரெண்டு வருஷம் எதிர்க்க வெச்சுண்டு எப்படிக் காலம் தள்றதுன்னுதான் பேப்பரை அப்படியே வெச்சிருந்தேன்."

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார்.

"தேவலை. நீங்களும் எங்களை மாதிரிதான்."

"தேங்க்யூ சார்."

"ஒண்ணு. இனிமே திருட வேண்டாம். பெட்டி வந்தா இங்கே கொண்டு வாங்கோ. என் எதிர்க்க ஒண்ணை எடுத்து, அந்த நாற்காலியில உக்காந்து, நிம்மதியாக் குடிங்கோ. உங்க உரிமை அது. ஆனா உள்ளே வர்றச்சே இருபத்தஞ்சா வரணும். இனிமே குறைஞ்சா நான் சிரிக்க மாட்டேன்."

ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு நடந்தே போனார். பிரிஜெட் செய்தியைக் கேட்டதும் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, அன்றிரவே நோராவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். இத்தனை வருஷ நேர்மைக்கு ஆண்டவர் கொடுத்த பலன் என்று எழுதட்டுமா என்று கேட்டாள். ஆம்ப்ரோஸ் எழுதிக்கொள் என்றார்.

இருபத்தைந்துக்கு வழி நவம்பரில் கிடைத்தது. மைசூரில் தசராப் பந்தயத்தில் டெஸ்மண்டின் குதிரை பெரிய கோப்பையை ஜெயித்திருந்தது. ஜமீன்தார் அந்த மாதம் இரண்டு பெட்டி அனுப்பினார். டெஸ்மண்ட் இரண்டையும் படைத்தார். கோவிந்தப்பா பெட்டிக்கு ஒன்றாக இரண்டைப் பற்றவைத்து, ஒன்றன்பின் ஒன்றாக முனீஸ்வரன் வாயில் வைத்தார். ஞாயிறன்று ஆம்ப்ரோஸ் தட்டில் முப்பது ரூபாய் போட்டு இரண்டையும் வாங்கினார். ஒன்றுக்கு ஆபீஸ் பணம், இன்னொன்றுக்குச் சொந்தப் பணம்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து முதல் பெட்டியில் வைத்தார். முதலில் இருபத்தைந்து ஆயிற்று. இரண்டாவதில் இருபத்து மூன்று. மாதம் ஒன்றாக அது இன்னும் இருபத்து மூன்று மாதத்துக்கு வரும். இந்த மாதத்தையும் சேர்த்தால் இருபத்து நான்கு. வேலை நீட்டிப்பும் சரியாக இருபத்து நான்கு மாதம். வாழ்க்கையில் இவ்வளவு துல்லியமாக எதுவும் பொருந்தி அவர் பார்த்ததில்லை. பெட்டியை அலமாரியில், தன் கல்யாணக் கோட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை ஸ்ரீகண்டன் எண்ணினார். இருபத்தைந்து. பரம திருப்தியோடு பெட்டியை நீட்டினார். ஆம்ப்ரோஸ் ஒன்றை எடுத்து, தோட்ட முதலாளிகள் செய்வதைப் பார்த்திருந்தபடி நுனியைக் கிள்ளி, பற்றவைத்தார். ஐம்பத்தைந்து வயதில் அது அவருடைய முதல் சுருட்டு. இருமல் வந்தது, கண்ணில் நீர் வந்தது. ஸ்ரீகண்டனும் இருமினார். ஆனாலும் சன்னலைத் திறக்கவில்லை.

"என்ன, திருடினதுக்கு இருந்த ருசி இதுக்கு இல்லையோ?" என்றார்.

டிசம்பரில் இருமல் குறைந்தது. ஜனவரியில், பாதி எரிந்த பிறகு ஏதோ ஒரு மணம் மாறுவதை ஆம்ப்ரோஸ் கவனித்தார். முதலில் மரம் போல, பிறகு வறுத்த காபிக்கொட்டை போல. பிப்ரவரியில் ஸ்ரீகண்டன் தன் வீட்டுக் கஷ்டங்களைப் பேசத் தொடங்கினார். மாதத்தில் அந்த அரை மணி நேரம்தான் இருவரும் மனிதர்கள் போலப் பேசியது. அதற்கு முந்தைய நாளான ஞாயிறு ஆம்ப்ரோஸுக்கு நீளமாக இருந்தது. மார்ச்சில், அடுத்த சுருட்டுக்கான திங்கள் எப்போது வரும் என்று அவர் காலண்டரைப் பார்த்தார். நோராவின் பரீட்சைத் தேதியும் அதே பக்கத்தில்தான் குறித்திருந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, ஆம்ப்ரோஸ் அலமாரியைத் திறந்தார். எண்ணுவதற்காகத்தான் திறந்தார். பதினெட்டு இருந்தது, இருக்க வேண்டியதும் பதினெட்டு. பெட்டியை மூடினார். மறுபடி திறந்தார்.

கொல்லைப்புற வாதுமை மரத்தடியில் புகை எழுவதைப் பார்த்துப் பிரிஜெட் வந்தாள்.

"என்னங்க இது, புதுசா?"

"ஆபீஸ் பழக்கம்."

"ஆபீஸ் பழக்கத்தை ஆபீசோட வச்சுக்கக் கூடாதா?"

ஆம்ப்ரோஸ் சாம்பலைத் தட்டினார். பதினேழு என்று அவர் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கடைசி மாதம், நோராவின் கடைசிப் பரீட்சை சமயம், ஆபீசுக்குக் கொண்டுபோகும் பெட்டியில் இருபத்து நாலுதான் இருக்கும். ஸ்ரீகண்டன் சிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை அவர் சந்தேகப்பட்டால் அது நியாயமாகவே இருக்கும்.

மே முதல் வெள்ளியன்று ஆம்ப்ரோஸ் ஆஸ்டின் டவுனுக்குப் போனார். கல்வரிசைக்கு அருகில் குனிந்து செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். கோவிந்தப்பா கையில் தீப்பெட்டியோடு அப்படியே நின்றார்.

"என்ன சார், இன்னிக்கு உள்ளயே வந்துட்டீங்க?"

"டெஸ்மண்ட் வந்தாரா?"

"வந்துட்டுப் போயிட்டாரு. ஒரே பெட்டிதான். சம்மர் ரேஸ் இப்பத்தான் தொடங்குதாம்."

"குதிரைங்க கால் எல்லாம் நல்லாருக்கா?"

"அது அவரு பாத்துக்குவாரு சார்" என்று கோவிந்தப்பா சிலையைக் காட்டினார். முனீஸ்வரன் வாயில் புதுச் சுருட்டு நிதானமாகப் புகைந்துகொண்டிருந்தது. காற்றில் வறுத்த காபிக்கொட்டை மணம். ஆம்ப்ரோஸ் அதை ஒருமுறை ஆழமாக இழுத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து கற்பூரப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"ஏத்துப்பா."

"யார் பேருக்கு சார்? உங்க பேருக்கா?"

"எனக்கில்ல. குதிரைக்கு."

"குதிரை பேரு என்ன?"

"தெரியாது. டெஸ்மண்ட் குதிரைன்னு சொல்லு. இவருக்குத் தெரியும்."